1000 வாட்ஸ் ஆம்புக்கு எந்த கார் பேட்டரி போடலாம்?

பெட்ரோல் காரில் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி, 1000 வாட்ஸ் மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்), பாஸுக்கு 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். பாஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது, 65 ஏஹெச் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றே போய் வாங்கிவிடாதீர்கள். இதே நிலைமையில் நான் வாங்கினேன். பேட்டரி உட்காரும் தட்டை மாற்றி, கிளாம்ப் மாற்றி, பெரிய பேட்டரி ஏறியது. லைட் முன்போலவே மங்கியது.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். "முதல்ல அளந்து பார்ப்போம் தம்பி" என்று மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓட, பாட்டு முழுச் சத்தத்தில் ஓட, ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) 14 வோல்ட்; பேட்டரி முனைகளில் 12.4 தான். நடுவில் 1.6 வோல்ட் எங்கே போனது? இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை பாதி அரித்துப் போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, தடித்த சுத்தச் செம்பு கேபிள் போட்டு, போல்ட் இறுகும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினார். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, இந்த இரண்டுக்கும் அதே கேபிள். அதே பாட்டுக்கு பேட்டரியில் 13.5 நின்றது. நீங்களும் இந்த மூன்று கேபிளிலிருந்து தொடங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய கேபிளை மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது கணக்கு. ஆம்ப் உண்மையிலேயே 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமல் தரும் பவர்) என்றால், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகையாக இருந்தாலும் 1250 வாட்ஸ் போல இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். சின்ன காரின் ஆல்டர்னேட்டர் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏசி, லைட், ஃபியூயல் பம்ப் எல்லாம் அதிலிருந்தே எடுக்க வேண்டும். நல்லவேளையாக, பாட்டு விடாமல் 90 ஆம்பியர் இழுப்பதில்லை. அடி விழும் நொடியில் மட்டும் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த நொடியைத் தாங்குவதுதான் பேட்டரியின் வேலை.

அதற்கு முக்கியம் உள் மின்தடை. பழசான சின்ன பேட்டரியில் 10 மில்லி ஓம் இருந்தால், 100 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் அங்கேயே சரிந்துவிடும். நல்ல ஏஜிஎம் பேட்டரியில் (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் சீல் செய்த வகை) அது 3, 4 மில்லி ஓம் அளவில் இருக்கும். லேபிளில் இதைப் போட மாட்டார்கள். சிசிஏ (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்பியர்) எண்ணைப் பாருங்கள், அது கூடக் கூடத் தடை குறைவு. ஏஜிஎம் விலை சாதாரண பேட்டரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரும். உங்கள் ஆம்புக்கு அது தகும் என்பேன்.

இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்பீர்களா? அப்படியானால் ஏஹெச்சும் முக்கியம். 35 ஏஹெச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 1.75 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 40 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட வராது, ஸ்டார்ட் செய்யவும் மிச்சம் வேண்டும்.

லைட் மங்காமல் இருக்க என்று கடையில் 1 ஃபாரட் கெப்பாசிட்டரைக் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து சட்டென்று தரும் பாகம்) காட்டுவார்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12 வரை இறங்கும்போது அது தருவது சுமார் 32 ஜூல். 1000 வாட்ஸுக்கு 0.03 நொடி. அந்தக் காசைக் கேபிளில் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை டிக்கியில் வைப்பது வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், குலுங்கினால் ஆசிட் சிந்தும். இரண்டாவது பேட்டரி தேவைப்பட்டால் சீல் செய்த ஏஜிஎம் மட்டும்.

இன்னொன்று, ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும் வசதி) உள்ள புதிய கார்களில் மைனஸ் முனையில் பேட்டரி சார்ஜைக் கணக்கிடும் சென்சார் இருக்கும். ஆம்பின் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் கார் கணக்கைத் தப்பாகப் போடும், பாடியில் கட்டுங்கள். பிளஸ் கேபிளில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். அந்த கேபிள் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடித்துவிடும்.

அப்புறம், வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள், மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். புது பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 12.4 காட்டினால், ரேக்கில் ரொம்ப நாள் கிடந்தது என்று அர்த்தம், வேறு பீஸ் கேளுங்கள்.