மாடியில் எந்த ஆண்டெனா? புதுச்சேரி, கடலூர் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஆன்லைனில் ‘4கே டிஜிட்டல் ஆண்டெனா, 200 சேனல் இலவசம்’ என்று 900 ரூபாய்க்குத் தட்டையான ஒன்று வருகிறது. ஜன்னலில் ஒட்டினால் போதுமாம். கேபிளுக்கு மாதாமாதம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வாங்கலாமா?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். பொருளின் தரம் எப்படி இருந்தாலும் சரி, அது பிடிப்பதற்கு உங்கள் ஊர்க் காற்றில் அலை இல்லை.

இந்த வகை ஆண்டெனா அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. அங்கே ஒவ்வொரு ஊரிலும் தனியார் நிலையங்கள் தங்கள் கோபுரத்திலிருந்து இலவசமாக ஒளிபரப்புகின்றன. நம் நாட்டில் தரைவழிக் கோபுர ஒளிபரப்பு தூர்தர்ஷனிடம் மட்டுமே இருக்கிறது. சன், விஜய் எல்லாம் ஒருநாளும் கோபுரம் வழியாக வீட்டுக்கு வந்ததில்லை. தூர்தர்ஷனும் பழைய அனலாக் கோபுரங்களை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடத் திட்டமிட்டு, எல்லைப்புறம் போன்ற சுமார் 50 முக்கிய இடங்களை மட்டும் விட்டுவைத்தது. அனலாக்குக்கு மாற்றாக வந்த டி.வி.பி.-டி2 டிஜிட்டல் கோபுர ஒளிபரப்பு பெருநகரங்கள் சிலவற்றுக்கானது. நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை.

புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 135 கி.மீ., கடலூருக்கு 155 கி.மீ. இந்த அலைவரிசையில் அலை கிட்டத்தட்ட நேராகப் போகும். பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் வளையாது. கோபுரம் 150 மீட்டர், உங்கள் மாடி ஆண்டெனா 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டும் தூரம் 60, 65 கி.மீ.தான். ‘பூஸ்டர் போட்டால் வரும்’ என்று கடைக்காரர் சொல்வார். ஊற்றே இல்லாத கிணற்றில் பெரிய மோட்டார் இறக்கி என்ன பயன்? பூஸ்டர் வருகிற அலையைத்தான் பெருக்கும், அதோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும்.

‘அந்தக் காலத்தில் நாகை, இராமநாதபுரம் கரையில் இலங்கையின் ரூபவாகினி டி.வி.யே எடுத்ததே’ என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். கடல்மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான உலர் காற்றும் அடுக்காக நிற்கும் இரவுகளில், அலை அந்த அடுக்குக்குள் சிக்கி வெகுதூரம் போகும். அது இயற்கை தரும் தற்செயல். மறுநாள் மாலை சீரியலுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

புதுச்சேரி உள்ளூர்ச் சேனல்கள் வேண்டுமென்றால் கேபிள் ஒன்றுதான் வழி. அவை உங்கள் கேபிள்காரரின் கட்டுப்பாட்டறையிலிருந்தே வருகின்றன. டிடி தமிழ் மட்டும் போதும் என்றால் பிரசார் பாரதியின் ‘வேவ்ஸ்’ செயலியிலேயே நேரலையில் பார்க்கலாம். மாதக் கட்டணம் இல்லாமல் டி.வி.யிலேயே பார்க்க, தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழியாகத் தரும் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதன் விவரம் அடுத்த பதிலில்.

கேள்வி: டிடி ஃப்ரீ டிஷ் நாங்களே மாட்டிக்கொள்ள முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? பொதிகை வருமா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முடியும். கருவி தெரிந்த ஒருவர், துணைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் அரை நாள் வேலை. பொதிகை வரும், 2024 ஜனவரியிலிருந்து அதன் பெயர் டிடி தமிழ். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சன், விஜய், ஜீ தமிழ் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். தூர்தர்ஷன் சேனல்கள், இ-வித்யா கல்விச் சேனல்கள், இந்தித் தனியார் சேனல்கள் இவைதான் இதில் அதிகம். வீட்டில் படிக்கிற பிள்ளையும் செய்தி பார்க்கிற பெரியவரும் இருந்தால் பொருத்தமாக இருக்கும். சீரியல் பார்ப்பவர் இருந்தால் சண்டைதான் வரும்.

ஒரே தடவைச் செலவு சுமார் 2,000 ரூபாய். மாதச் சந்தா கிடையாது. ‘ரீசார்ஜ் செய்யாவிட்டால் ஃப்ரீ டிஷ் நின்றுவிடும்’ என்று போன் வந்தால் அது மோசடி.

வாங்க வேண்டியவை: 60 செ.மீ. டிஷ் அதன் தாங்கியோடு, யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) ஒன்று, எம்பெக்-4 செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. ஒயர், தேவையான நீளத்துக்கு ஆர்.ஜி.6 கேபிள். பழைய எம்பெக்-2 பாக்ஸை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் ஒரு பகுதிச் சேனல்கள் திறக்கவே திறக்காது. கேபிளில் ஆர்.ஜி.59 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அதில் அலை இழப்பு அதிகம். கேபிள் நுனியில் போடும் எஃப்-கனெக்டரில் கையால் திருகுவதை விட அழுத்தி மாட்டும் வகை நல்லது. உப்புக்காற்று திருகு வகைக்குள் சீக்கிரம் புகுந்துவிடும்.

இனி திசை. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: வடக்கிலிருந்து வலமாக 130 பாகை, அதாவது தென்கிழக்கு, உயரம் 69 பாகை. கடலை நேராகப் பார்த்து நின்று, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, தலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பது போல. போன் திசைகாட்டியைத் தாங்கிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்பு அதைத் திசைதிருப்பிவிடும். நாலடி தள்ளி நின்று திசை பார்த்து, சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 69 பாகை என்றவுடன் டிஷ்ஷின் முகத்தை ஏறத்தாழ வானத்தைப் பார்க்க மல்லாத்திவிடுவார்கள். இது ஆஃப்செட் டிஷ்; எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. அதனால் முகம் பார்க்கும் திசையை விடச் சுமார் 25 பாகை மேலே இருந்து அலையை வாங்கும். டிஷ்ஷின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடுகிற மாதிரி நேரான பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் போனின் சாய்வுமானியை வைத்தால் 45 பாகையை ஒட்டிக் காட்ட வேண்டும். தொடக்கத்துக்கு அது போதும்.

அதற்கு முன்னால் குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் இடவலம் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும், நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பாக்ஸில் எல்.என்.பி. வகை யுனிவர்சல் 9750/10600, அதிர்வெண் 11090, போலாரிட்டி வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று கொடுங்கள். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் கேபிள் செருகியதுமே 60, 70 என்று ஏறி நிற்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எல்.என்.பி.க்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது. குவாலிட்டி ஏற வேண்டும். டிஷ்ஷை ஒரு பாகை திருப்புங்கள், நான்கைந்து விநாடி கையை எடுத்துவிட்டு நில்லுங்கள், பாக்ஸ் யோசிக்க நேரம் வேண்டும். பிறகு அடுத்த பாகை. இரண்டங்குலக் குழாயில் ஒரு பாகை என்பது விளிம்பில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை; வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒரு சுற்றில் கிடைக்காவிட்டால் உயரத்தை ஒரு பாகை மாற்றி மறுபடி இடவலம்.

குவாலிட்டி வந்தபிறகு எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெதுவாக இருபக்கமும் சுழற்றி, அதிகம் காட்டும் இடத்தில் இறுக்குங்கள். அவசரமாக மாட்டிப் போகிறவர்கள் விடுகிற படி இதுதான். இதை விட்டால் வெயிலில் படம் நன்றாக இருக்கும், தூறலுக்கே அறுந்துவிடும். போல்ட்டுகளை இறுக்கும்போதும் பட்டையைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். கடைசித் திருகில் டிஷ் நகர்ந்துவிடுவது சகஜம்.

ஸ்ட்ரெங்தே பூஜ்யமாக இருந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளின் மேல் வலையில் ஒரே ஒரு மயிரிழைக் கம்பி நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி பாக்ஸ் மின்சாரத்தை நிறுத்திவிடும். நடுக் கம்பி கனெக்டர் விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தனியார் சேனல்களுக்கான இடம் ஆண்டுதோறும் ஏலத்தில் போகிறது. ஏப்ரல் 1 வாக்கில் வரிசை மாறும். அந்த வாரம் ஒருமுறை ரீஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: மாடியில் பழைய சன் டைரக்ட் டிஷ் சும்மா கிடக்கிறது. வேறு டிஷ் வாங்கத்தான் வேண்டுமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டியதில்லை. சன் டைரக்டும் அதே 93.5 பாகைதான். டிஷ் அசையாமல் இருந்தால் ஃப்ரீ டிஷ் பாக்ஸை மட்டும் வாங்கி அந்தக் கேபிளில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் எல்.என்.பி., கனெக்டர் இரண்டையும் மாற்றுங்கள். வேறு நிறுவன டிஷ் என்றால் திருப்ப வேண்டும். டிஷ் டி.வி.யின் செயற்கைக்கோள் 95 பாகையில், வெறும் ஒன்றரைப் பாகை தள்ளி இருக்கிறது. தேடும்போது தவறி அதில் போய் நிற்க வாய்ப்பு உண்டு. ஸ்கேன் செய்து டிடி சேனல்கள் வருகின்றனவா என்று உறுதி செய்த பிறகே இறுக்குங்கள்.

கேள்வி: தென்கிழக்கில் பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. மறைக்குமா?
– அரியாங்குப்பம்

பதில்: நீங்கள் நினைக்கும் அளவுக்கு மறைக்காது. செயற்கைக்கோள் மிக உயரத்தில் இருப்பதால், மரம் டிஷ்ஷை விட 10 மீட்டர் உயரம் என்றாலும் 4 மீட்டர் தள்ளி இருந்தால் அலை அதன் தலைக்கு மேலே வந்துவிடும். தண்டை அல்ல, டிஷ் பக்கம் நீளும் மட்டையின் நுனியைக் கணக்கில் எடுங்கள். காற்றில் ஆடும்போது அது இன்னும் ஒரு மீட்டர் முன்னே வரும். காற்றடித்தால் மட்டும் படம் விட்டுவிட்டு வருகிற வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கணக்கே போடாமல் பார்க்கவும் வழி உண்டு. மார்ச் 15 வாக்கில் காலை 11.15, செப்டம்பர் 28 வாக்கில் காலை 11 மணி: அந்த நேரத்தில் சூரியன் ஏறத்தாழ அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்திலேயே நிற்கும். டிஷ் வைக்கப்போகும் இடத்தில் அப்போது முழு வெயில் விழுந்தால் தடை எதுவும் இல்லை. அதே நாட்களில் அதே நேரத்துக்குச் சில நிமிடம் படம் போய் வருவதும் சூரியனால்தான். யாரையும் கூப்பிட வேண்டாம்.

கேள்வி: புயலுக்குப் புயல் டிஷ் பறந்துபோகிறது. எப்படிக் கட்டினால் நிற்கும்?
– தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்கள் கரையில்தான் ஏறியது, காற்று மணிக்கு 140 கி.மீ. வரை. அந்த வேகத்தில் 60 செ.மீ. டிஷ்ஷின் மேல் விழும் தள்ளுவிசை 30 கிலோ எடைக்கு மேல். நாலரை அங்குலக் கைப்பிடிச்சுவரில் அடித்த போல்ட் செங்கல்லோடு பெயர்ந்து வரும். தளத்தில் துளை போட்டால் மேலே பதித்த தட்டு ஓடு உடைந்து மழை இறங்கும். எங்கள் யோசனை: இரண்டடிக்கு இரண்டடி, ஆறங்குலக் கனத்தில் கான்கிரீட் கட்டை ஒன்றை மாடியிலேயே வார்த்து, அதில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு பதித்து டிஷ்ஷை நிறுத்துங்கள். கட்டையே 130 கிலோ இருக்கும். தளம் பழையதாக இருந்தால், கீழே சுவர் அல்லது பீம் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கடற்கரையில் சாதா இரும்பு சீக்கிரமே துருவேறி, பிறகு கழற்ற முடியாமல் போகும். கனெக்டரின் மேல் ரப்பர் டேப் இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் எல்.என்.பி.க்குள் ஏறுவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எல்.என்.பி.யின் முன் மூடி வெயிலில் வெடித்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால், குழாயிலும் பிடியிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பறக்கிற தகரம் பக்கத்து வீட்டு ஆளைத் தாக்கினால் அதற்கு ஈடு இல்லை.

கேள்வி: அந்தத் தட்டை ஆண்டெனாவை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். ஒரு சேனலும் வரவில்லை. ‘பொருளில் கோளாறு இல்லை’ என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோளாறு மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டாலும் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ‘200 சேனல் இலவசம்’ என்ற பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; புகார் போனபின் வாசகம் மாறிவிடலாம். டி.வி.யில் ஆண்டெனா ஆட்டோ டியூன் ஓடி, சேனல் பூஜ்யம் என்று காட்டும் திரையை வீடியோ எடுங்கள். பில், அட்டைப்பெட்டி பத்திரம்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் புதுச்சேரி நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 900 ரூபாய்க்கு இவ்வளவா என்று விட்டுவிடாதீர்கள். 1915-க்கு ஒரு போன் செய்வதோடு பணம் திரும்பிவிடவும் வாய்ப்பு இருக்கிறது.