மகள் சீன மொழி படிக்கிறேன் என்கிறாள்: ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சீன மொழி கற்றுக்கொண்டு ஏற்றுமதி இறக்குமதித் துறைக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கும் நாட்டை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தை எப்படி ஒப்படைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள் ஐயா. எல்லையில் இரு நாட்டு வீரர்களும் மோதிக்கொண்ட கல்வான் மோதல் 2020 ஜூனில் நடந்தது. அந்த மாதமே டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. சீன முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பே, ஏப்ரலில் வந்துவிட்டது. சரி, வியாபாரம் நின்றதா? 2019-20இல் சீனாவிலிருந்து நாம் வாங்கியது சுமார் 6,500 கோடி டாலருக்கு. 2024-25இல் அது 11,300 கோடியைத் தாண்டிவிட்டது. நாம் அங்கே விற்றது 1,400 கோடி டாலர் சொச்சம்தான். நாட்டுக்கு இது கவலை தரும் பற்றாக்குறை. வேலை தேடும் பிள்ளை கவனிக்க வேண்டியது வேறு: உறவு கசந்தபோது விதிகள் கூடின, அந்த விதிகள் தெரிந்த ஆட்களுக்குத் தேவையும் கூடியது.

பொம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அதன் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறியது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கு வந்து இறங்கினால் துறைமுகத்தைத் தாண்டாது. கன்டெய்னர் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறிக்கொண்டே போகும். எந்தப் பொருளானாலும் அது எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எட்டு இலக்கக் குறியீட்டைத் தப்பாகப் போட்டால் வரி மாறிவிடும், அபராதமும் வரலாம். ஆர்டர் போடும் முன்பே இதையெல்லாம் சொல்லத் தெரிந்தவரைத்தான் முதலாளிகள் தேடுகிறார்கள். இன்னொன்று, இந்தக் கெடுபிடியால் பொம்மை இறக்குமதி நிறையவே குறைந்தது. அதனால் ஒரே பொருளை நம்பி அவள் தொழில் கற்க வேண்டாம்.

சீன மொழி? படிக்கட்டும், ஆனால் அது மட்டும் சோறு போடாது. சாதாரண மின்னஞ்சலை இப்போது மென்பொருளே மொழிபெயர்த்துவிடுகிறது. சப்ளையரோடு நேரில் பேரம் பேசும்போதும், சீன இயந்திரம் பழுதாகி அங்கிருக்கும் என்ஜினியரிடம் போனில் விளக்கும்போதும்தான் மொழி தெரிந்தவருக்கு மதிப்பு. அதற்கு எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலையாவது வேண்டும் என்பது என் கருத்து. 'மூன்றே மாதத்தில் சரளம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இந்த விடுமுறையில் சென்னை பாரிமுனைப் பக்கம் உள்ள கஸ்டம்ஸ் கிளியரிங் (சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும்) அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவிலேயே விசாரிக்கலாம். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம், எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே துறை பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிடித்தால் டிகிரி முடித்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இந்தத் தொழிலுக்காகச் சுங்கத் துறை நடத்தும் தேர்வுகளை எழுதலாம். மேலே படிக்க ஆசைப்பட்டால் வெளிநாட்டு வர்த்தகம் கற்றுத்தரும் டெல்லி ஐ.ஐ.எஃப்.டி. இருக்கிறது, அங்கே எம்.பி.ஏ. சேர கேட் (CAT) தேர்வு எழுத வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அப்போது வங்கி வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மட்டும் ஒப்பிட்டுப் பேசிவிடாதீர்கள்.