ஓவன் இல்லாமல் வீட்டிலேயே எளிதாகக் கேக் பாப் செய்வது எப்படி?

மகளின் பிறந்தநாளுக்கு இருபது பிள்ளைகள் வருகிறார்கள், வீட்டில் ஓவன் இல்லை, கேக் பாப் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கேக்கைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் பேக்கரிகளில் வெட்டி மிச்சமான கேக் ஓரங்களைப் பிசைந்து ரம் பால் என்று உருட்டி விற்கிறார்கள் அல்லவா, அதே கைவேலைதான் இதுவும். கூடுதலாக ஒரு குச்சியும் சாக்லேட் பூச்சும் சேர்கின்றன. காரியம் கெடுவது இரண்டே இடங்களில்தான்: உருண்டையின் ஈரம், முக்கும்போது இருக்கும் சூடு. மற்ற வேலைகளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

இணையத்தில் வரும் படங்களைப் பார்த்து மிரள வேண்டாம். அமெரிக்காவில் பேக்கரெல்லா என்ற வலைப்பதிவை எழுதிய ஆஞ்சி டட்லி 2008 வாக்கில் குட்டிக் கப்கேக் வடிவத்தில் செய்து காட்டிய பிறகுதான் இது பரவலாகத் தெரியவந்தது. அதற்குப் பிறகு கரடி முகம், பூனை முகம் என்று ஆளாளுக்கு வேலைப்பாட்டைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் 2011-இல் ஸ்டார்பக்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது சாதாரண உருண்டைதான். நீங்களும் உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை கரடியின் மூக்கு கோணலாக இருக்கிறதா என்று பார்க்காது. முதல் கடியில் மூக்கே போய்விடும்.

அரைக் கிலோ கேக்கில் ஏறக்குறைய இருபது உருண்டை வரும். உடையக்கூடியவை, உங்களுக்கு, எனக்கு என்று கணக்குப் பார்த்தால் முக்கால் கிலோ வாங்குவது நல்லது. க்ரீம் இல்லாத வெண்ணிலா ஸ்பாஞ்ச், பட்டர் கேக், டீ கேக் எதுவும் ஆகும். பிளாக் ஃபாரஸ்ட் மாதிரியான க்ரீம் கேக் மிஞ்சியிருந்தால் க்ரீமை வழித்துவிட்டு உபயோகிக்கலாம். ஆனால் அதன் உள்ளே ஏற்கெனவே சர்க்கரைப் பாகு ஊறியிருக்கும் என்பதால் அதற்கு வேறு ஈரம் எதுவும் சேர்க்கத் தேவையிருக்காது. எந்தக் கேக்காக இருந்தாலும் மேலே உள்ள பழுப்புத் தோலைச் சீவிவிடுங்கள். அது மென்மையாக மசியாமல் துணுக்குத் துணுக்காக நின்று உருண்டையில் வெடிப்பு விழ வைக்கும். உதிர்ப்பதற்கு விரல்களே போதும். மிக்ஸியில் ஓட்டினால் சற்று அசந்தாலும் களியாகிவிடும்.

உதிர்த்ததைச் சேர்த்துப் பிடிக்க வெளிநாட்டுக் குறிப்புகளில் வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் அடித்த க்ரீமைப் போடச் சொல்வார்கள். நான் போடுவது கண்டென்ஸ்டு மில்க். டப்பாவைத் திறந்தால் வேலை முடிந்தது. முதலில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிப் பிசைந்து இரண்டு நிமிடம் விடுங்கள். கேக் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். அரைக் கிலோ ஸ்பாஞ்சுக்கு நான்கைந்து கரண்டி பிடிக்கும், பட்டர் கேக்குக்கு இரண்டு மூன்றே போதும். ரவா லட்டு பிடித்துப் பழகிய கை என்றால் பதம் உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்: ஒரு பிடி எடுத்து அழுத்திக் கையைத் திறந்தால் உருண்டை உதிரக் கூடாது, உள்ளங்கையில் பிசுபிசுப்பும் ஒட்டக் கூடாது. உருண்டை அமர்ந்துபோய்க் கையில் எண்ணெய் மினுங்கினால் ஈரம் அதிகம். அது குச்சியில் நிற்காமல் வழுக்கி இறங்கும். இன்னும் கொஞ்சம் கேக்கை உதிர்த்துப் போட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், திகட்டலைக் குறைக்கும்.

உருண்டை எலுமிச்சம்பழ அளவைத் தாண்ட வேண்டாம். 25 முதல் 30 கிராம் வரை சரியாக இருக்கும். பெரிதாக உருட்டினால் பார்க்க அழகு, ஆனால் குச்சி தாங்காது. உருட்டியவற்றைத் தட்டில் வைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டு ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கிவிடாதீர்கள். கல்லாக உறைந்த உருண்டையைச் சூடான சாக்லேட்டில் முக்கினால் மேற்பூச்சு நொடியில் இறுகிவிடும். பிறகு உள்ளிருக்கும் கேக் சூடேறி விரியும்போது பூச்சு குறுக்கே பிளக்கும். வெளியே எடுத்த உருண்டையை ஐந்து நிமிடம் மேசையில் விட்டு முக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சாக்லேட் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: காம்பவுண்ட் சாக்லேட்தான் வாங்க வேண்டும். கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட் ருசியில் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பக்குவமான வெப்பநிலையில் உருக்கி ஆற்றாவிட்டால் வெள்ளை பூத்துப்போகும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்கே உருகிவிடும் என்பதால் நம் கோடையில் பிள்ளைகளின் கையெல்லாம் சாக்லேட்டாகிவிடும். காம்பவுண்டில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி முக்கினால் தானாகவே இறுகும். இருபது உருண்டைக்கு 400 கிராம் கட்டி ஒன்று போதும். உள்ளே ஏற்கெனவே இனிப்பு என்பதால் டார்க் வகையை வாங்குங்கள்.

அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, அடுப்பை அணைத்த வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கிளறினாலே உருகிவிடும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது; ஆவி உள்ளே இறங்கக் கூடாது. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் மொத்தமும் மணல்போலத் திரிந்து கெட்டியாகிவிடும். அப்படித் திரிந்தால் சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடுங்கள், முக்குவதற்கு ஆகாது. தண்ணியாக்க வேண்டுமானால் மணமில்லாத சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஊற்றலாம், பால் ஊற்றக் கூடாது. வெள்ளைக் காம்பவுண்டில் நிறம் சேர்ப்பதென்றால் கேசரிக்கு ஊற்றும் தண்ணீர் வகை நிறத்தைத் தொடாதீர்கள், எண்ணெயில் கரைந்த நிறம் பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும்.

இனி முக்கும் வேலை. உருகிய சாக்லேட்டை அகலக் கிண்ணத்திலிருந்து ஒடுங்கிய உயர டம்ளருக்கு மாற்றுங்கள். குச்சியின் நுனியை அரை அங்குலம் சாக்லேட்டில் தோய்த்து, உருண்டையின் பாதி ஆழம்வரை குத்தி, சாக்லேட் இறுகும்வரை விடுங்கள். இந்தத் துளி சாக்லேட்தான் பசை. பிறகு குச்சியைப் பிடித்து உருண்டையை நேராக இறக்குங்கள். குச்சி உருண்டையில் புகும் இடம்வரை சாக்லேட் ஏறி மூட வேண்டும். அந்த இடம் திறந்திருந்தால் உருண்டை கழன்று டம்ளருக்குள் விழும். உள்ளே போட்டுச் சுழற்றாமல் நேராகத் தூக்குங்கள். தூக்கிய கையின் மணிக்கட்டை மறு கையால் மெல்லத் தட்டினால் மிச்சம் சொட்டிவிடும். வண்ணத் தூவல்களை அந்த நொடியே தூவுங்கள், அரை நிமிடம் தாமதித்தால் ஒட்டாது. குச்சியோடு நிறுத்திவைக்கத் தெர்மாகோல் துண்டு வேண்டும் என்பதில்லை. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துக் குத்தினால் அசையாமல் நிற்கும்.

கேக் பாப் மெஷின் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் வருவது மாவை ஊற்றிச் சுட்ட குட்டி உருண்டைக் கேக். அதுதான் வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் குழிப்பணியாரக் கல்லே செய்யும். கேக் மாவைக் குழியில் முக்கால் அளவு ஊற்றி, மூடி, மிகச் சிறு தீயில் வைத்து, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிவிடுங்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குக் குச்சி இல்லாமல் உருண்டையாகவே கொடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுகிற வயது அது. குச்சி கூர்மையானதாக இருந்தால் யாருக்குமே வேண்டாம்.

விழா மாலையில் என்றால், முந்தின நாள் இரவு உருட்டிப் பெட்டியில் மூடிக் குளிரில் வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் முக்கி முடித்துவிடுங்கள். முக்கியவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிரில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பரிமாறும்போது டப்பாவை உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் மேலே வேர்வை பூத்து, ஒட்டிய தூவல்களின் சாயம் வழியும்.