பைபாஸுக்குப் பிறகு எவ்வளவு நடக்கலாம்? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஐந்து வாரங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். ஆனால் பார்க்க வருகிற உறவினர்கள், குறிப்பாக என் அத்தை, "நெஞ்சப் பொளந்த உடம்பு, மூணு மாசம் அனங்காம கிட" என்று சொல்வதால், அவர் குளியலறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே எழுகிறார். ஊதுவதற்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியும் டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து இருக்கிறது. அவர் எவ்வளவு நடக்கலாம்? எப்போது வேலைக்குப் போகலாம்?
(வாசகி, தக்கலை)

பதில்: உங்கள் அத்தையின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. அறுவைக்காகப் பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு கைகளுக்கும் நெஞ்சுக்கும்தானே தவிர, கால்களுக்கு அல்ல. எலும்புக்குச் சொன்ன ஓய்வை இதயத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதுதான் உங்கள் வீட்டில் நடந்த பிழை.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து, அவர்களுடைய உழைப்புத் திறனை அளந்தார்கள். அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கையில் இழந்த திறன், 30 ஆண்டு முதுமையில் இழந்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. நோயில்லாத இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், 61 வயதில் பைபாஸ் முடிந்தவர் ஐந்து வாரம் படுத்திருப்பதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? மாறாக, முறைப்படுத்திய உடற்பயிற்சியோடு கூடிய இதய மறுவாழ்வுச் சிகிச்சை, இதய நோயால் நேரும் மரணத்தையும் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

இத்தனை நாள் படுத்திருந்தவர் என்பதால், முதலில் சமதரையில் ஐந்து முதல் பத்து நிமிடம், காலையிலும் மாலையிலுமாக நடக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டி, ஒரே மூச்சில் அரைமணி நேரம் நடக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுநடை கட்டாயம். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றும். உங்கள் பகுதியில் பத்தடி நடந்தால் ஒரு ஏற்றம் வரும் என்பதால் ஆரம்பத்தில் வீட்டு முற்றமே போதும். மழை நாளில் வராந்தா இருக்கிறது: 10 மீட்டர் வராந்தாவில் 25 முறை போய்வந்தால் அரை கிலோமீட்டர். சாப்பிட்ட உடனேயும் உச்சிவெயிலிலும் வேண்டாம்.

வேகம் சரிதானா என்பதைப் பேச்சே காட்டிக்கொடுக்கும். அவரோடு நடந்துகொண்டே, தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்து எங்கெங்கே நிற்கும் என்று கேளுங்கள். அழகியமண்டபம், சாமியார்மடம், இரவிபுதூர்க்கடை என்று தடங்கலின்றிச் சொன்னால் அந்த வேகம் பொருத்தம். சாமியார்மடத்திலேயே மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். நிறுத்தங்களைப் பாட்டாகவே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

அந்த மூன்று பந்துக் கருவி ஊதுவதற்கானது அல்ல, மூச்சை உறிஞ்சி இழுப்பதற்கானது. பலரும் செய்கிற தவறு இது. மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று நொடி பிடித்து விடவேண்டும். இருமும்போது மடித்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதம்வரை கிணற்றில் தண்ணீர் இறைப்பது, குடம் தூக்குவது, கைகளை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவது, இருசக்கர வாகனம் ஓட்டுவது எதுவும் கூடாது.

நடக்கையில் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே உட்காரவைத்து, சற்று நேரத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். நெஞ்செலும்பில் 'கிளுக்' என்ற சத்தம், காயத்தில் நீர்க்கசிவு, காய்ச்சல், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

பால்வெட்டை நடைவேலை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஒரு நாளில் 300 மரம் வெட்டுகிறவர் 300 முறை குனிந்து நிமிர்ந்து கத்தியை இழுக்கிறார். அதற்குப் பிறகு பால் வாளியைச் சரிவில் சுமக்கிறார். ஆகவே மூன்று மாதம் முடிந்து, இதய மருத்துவர் டிரெட்மில் சோதனை செய்து ஒப்புக்கொண்ட பிறகே, பாதி மரங்களோடு தொடங்கலாம். வாளியைச் சில வாரம் வேறொருவர் சுமக்கட்டும். மேற்பார்வையோடு பயிற்சி பெற வசதி உண்டா என்று அறுவை செய்த மருத்துவமனையிலும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வயது 54. பைபாஸ் முடிந்து நான்கு மாதமாகிறது. தினமும் கடற்கரையில் வியர்க்க நடந்தும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 95-ஐத் தாண்டவில்லை. 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 166 வருகிறதே, என் இதயம் பலவீனமா?
(வாசகர், குளச்சல்)

பதில்: உங்கள் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை அதில் இருந்தால், துடிப்பைக் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. அந்தக் கழித்தல் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். துடிப்புக்குப் பதிலாக உழைப்பின் உணர்வை அளக்கும் போர்க் (Borg) அளவுகோல் இருக்கிறது: 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியாது என்ற நிலை. 11 முதல் 13 வரை, அதாவது 'இலேசு' என்பதற்கும் 'கொஞ்சம் சிரமம்' என்பதற்கும் இடையில் இருந்தால் போதும். ஒன்று மட்டும்: கால் புதைகிற காய்ந்த மணலை விட்டு, அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடங்கள், ஒரே தூரத்துக்கு மணலில் உழைப்பு மிகவும் கூடிவிடும்.

கேள்வி: பைபாஸுக்காக இரத்தக்குழாய் எடுத்த காலில் மாலையானால் வீக்கம். நடையை நிறுத்தவா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். எடுத்த குழாயின் வேலையை மற்றக் குழாய்கள் ஏற்கச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். நடப்பது நல்லது, நெடுநேரம் நிற்பதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும்தான் வீக்கத்தைக் கூட்டும். படுக்கையில் காலுக்கடியில் இரண்டு தலையணை வையுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் மட்டும் நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.