ரயில் தடுமாறினால் குற்றவாளி கணினியா, கம்பியா?

கேள்வி: அறையின் மூன்று சுவர்களை ஒட்டி எச்.ஓ. அளவில் (1:87) மாதிரி ரயில் பாதை அமைத்திருக்கிறேன். ஆர்டுயினோ மெகா என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதன்மேல் தடத்துக்கு மின்சாரம் அனுப்பும் மோட்டார் ஷீல்டு, பலகையில் டி.சி.சி.-இ.எக்ஸ் நிரல், மடிக்கணினியிலிருந்து ரயிலை இயக்க ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருள், 15 வோல்ட் அடாப்டர். பலகையிலிருந்து கடைசிச் சுவர்வரை சுமார் 10 மீட்டர் மெல்லிய தொலைபேசிக் கம்பிதான் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது. ஓர் இன்ஜின் ஓடினால் குறையே இல்லை. ஒலி டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு பலகை) பொருத்திய மூன்று இன்ஜின்களை ஓட்டினால், கடைசிச் சுவர்ப் பக்கம் போனதும் வேகம் தளர்கிறது, ஒலி நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, சில வேளை எல்லாமே நின்றுவிடுகின்றன. மென்பொருளை மீண்டும் நிறுவிப் பார்த்தேன், யு.எஸ்.பி. கேபிளையும் மாற்றினேன். தடத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் தரும் 5 ஆம்பியர் பூஸ்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பூஸ்டர் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் கணினியைக் காட்டவில்லை, கம்பியைத்தான் காட்டுகின்றன.

டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே இரண்டு தண்டவாளங்களின் வழியாகவே போகின்றன. தடத்தில் மின்னழுத்தம் எப்போதும் முழு அளவில் இருக்கும். அதன் திசை மாறிக்கொண்டே இருக்க, அந்த மாற்றத்தின் கால அளவுதான் கட்டளையாகிறது. ஒரு திசையில் நிற்கும் அரைச்சுற்று 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. ஆகவே மின்சாரத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அது கட்டளைக் கோளாறு போலவே தோன்றும். மென்பொருளைச் சந்தேகிக்கும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பலகை வேறொரு அடாப்டரில் இயங்குகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிடுங்கள். கடைசியாகச் சொல்லப்பட்ட வேகக் கட்டளையைப் பலகையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பதால், இன்ஜின் நிற்காமல் அதே வேகத்தில் ஓடும். கணினி செயலிழந்தால் ரயில் கட்டுக்கு அடங்காமல் ஓடுமே தவிர, இன்ஜின் தளராது. ஒலி முதலிலிருந்து தொடங்குகிறது என்றால், டிகோடருக்குள் இருக்கும் நுண்செயலிக்கு ஒரு கணம் மின்சாரம் போதாமல் போய், அது அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது என்று பொருள்.

அந்த மின்சாரம் எங்கே போனது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் கம்பி 0.2 சதுர மி.மீ. குறுக்குப்பரப்பு உடையது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பும் செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 1.7 ஓம். மூன்று இன்ஜின்களும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுக்கும்போது அந்தக் கம்பியிலேயே 2.6 வோல்ட் கரைந்துவிடும். மோட்டார் ஷீல்டில் உள்ள எல்298 சில்லு ஏற்கெனவே 2 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். ஆக, அடாப்டரில் 15 வோல்ட்டாகப் புறப்பட்டது கடைசிச் சுவரை அடையும்போது 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். ஓர் இன்ஜின் மட்டும் ஓடும்போது மின்னோட்டம் குறைவு என்பதால் இழப்பும் குறைவு. அதனால்தான் அப்போது குறை தெரியவில்லை.

அதே தூரத்துக்கு, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மி.மீ. கம்பியை இழுத்தால் மின்தடை 0.14 ஓம், இழப்பு 0.2 வோல்ட். இந்தத் தடித்த கம்பி இரண்டை லேஅவுட்டின் அடியில் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, ஒன்று அல்லது இரண்டு மீட்டருக்கு ஒருமுறை அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. கிளைக் கம்பியைத் தண்டவாளத்தின் அடியில் சால்டர் வைத்து இணையுங்கள். தண்டவாளங்களைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்பவே கூடாது. புதிதாக இருக்கும்போது அவை நன்றாகவே கடத்தும்; பெயிண்டும் தூசியும் ஆக்சைடும் படியப் படிய ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்தடையாக மாறிவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளமும் செம்பைவிடப் பல மடங்கு மின்தடை உடையது.

வேலை முடிந்ததா என்பதை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு 50 ஹெர்ட்ஸ் சைன் அலைக்காக அமைந்தது, டி.சி.சி. தடத்தில் அது காட்டும் எண் சரியானதாக இராது. ஆனாலும் அதே மீட்டரால் பலகையின் அருகிலும் கடைசிச் சுவரிலும் அளந்து ஒப்பிடலாம். துல்லியம் வேண்டுமென்றால் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக டி.சி.யாக அளந்து, டயோடுகளின் இழப்புக்காக 1.4 வோல்ட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். முக்கியமானது, சுமை இல்லாமல் அளக்கக் கூடாது. 10 ஓம், 25 வாட் மின்தடை ஒன்றைத் தடத்தின் குறுக்கே சில விநாடிகள் வைத்து அளந்து பாருங்கள். அது ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கையைச் சுடும் அளவுக்குச் சூடும் ஆகும். சுமை இல்லாதபோது எவ்வளவு மோசமான கம்பியும் முழு வோல்ட்டைக் காட்டும்.

இனி பூஸ்டருக்கு வருவோம். மோட்டார் ஷீல்டில் ஒரு தடத்துக்கு 2 ஆம்பியர்தான் உச்சவரம்பு. எல்லாமே நின்றுபோவது, அந்த வரம்பை நெருங்கும்போது பாதுகாப்பு வெட்டிவிடுவதால் இருக்கலாம். எனவே 5 ஆம்பியர் பூஸ்டர் வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை. ஆனால் பழைய கம்பியோடு அதை இணைப்பது ஆபத்து. கம்பி, தகடுகள், தண்டவாளம் எல்லாம் சேர்ந்து 4 ஓம் மின்தடை இருக்கும் ஒரு மூலையில் ரயில் தடம்புரண்டு குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால், 15 வோல்ட்டில் ஓடக்கூடியது 3.75 ஆம்பியர் மட்டுமே. அதைப் பெரிய சுமை என்று எண்ணி பூஸ்டர் வெட்டாது. சுமார் 56 வாட் வெப்பம் கம்பியிலும் இணைப்புகளிலும் சக்கரங்களிலும் இறங்கி, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஆகவே புதுக் கம்பி போட்டபின், பூஸ்டரையும் இணைத்து, லேஅவுட் நெடுக ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்தின் மீதும் ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். வைத்த உடனே பூஸ்டர் மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாத இடம் ஒன்று இருந்தாலும் அங்கே இன்னொரு கிளைக் கம்பி சேர்க்காமல் ரயிலை ஓட்டாதீர்கள்.

கேள்வி: ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டுகளைச் சர்வோ மோட்டாரால் திருப்புகிறேன். இரண்டு பாயிண்டுகளை ஒன்றாகத் திருப்பினால் தடத்தில் மின்சாரம் போய், ஜே.எம்.ஆர்.ஐ. இணைப்பும் அறுந்துவிடுகிறது. ஏன்?

பதில்: சர்வோக்களுக்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறிய சர்வோகூட, தடைபட்டு நிற்கும் கணத்தில் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெகா பலகையின் யு.எஸ்.பி. வழியில் உள்ள ஃபியூஸின் அளவே 500 மில்லி ஆம்பியர்தான். 5 வோல்ட் சரிந்ததும் பலகை ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆனால் தடத்து மின்சாரம் அணைந்த நிலையில்தான் எழும். சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள். அதன் கிரவுண்டை (0 வோல்ட் முனை) மட்டும் பலகையின் கிரவுண்டோடு சேருங்கள்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். மோட்டார் ஷீல்டுக்குக் கொடுக்கும் 15 வோல்ட், விஐஎன் (மின் உள்ளீடு) முனை வழியாகக் கீழே உள்ள மெகாவுக்கும் போய்விடும். மெகாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது 7 முதல் 12 வோல்ட் மட்டுமே. ஷீல்டின் அடியில் அந்த முனையை இணைக்கும் மெல்லிய செம்புக் கோட்டைக் கத்தியால் வெட்டிவிட வேண்டும். பலகையின் ரெகுலேட்டர் தொட முடியாத சூட்டில் இருந்தால் அது வெட்டப்படவில்லை என்று கொள்ளலாம்.

கேள்வி: டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள புரோகிராமிங் தடத்தில் இன்ஜினை வைத்தால் டிகோடர் பதிலே தருவதில்லை, ஆனால் பிரதானத் தடத்தில் அதே இன்ஜின் ஓடுகிறது.

பதில்: புரோகிராமிங் தடத்தில் டிகோடர் பதில் சொல்வது பேச்சால் அல்ல, ஏறத்தாழ 6 மில்லி விநாடி நேரம் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும், அவ்வளவுதான். சக்கரம் அழுக்காக இருந்தாலோ, மோட்டாரின் கம்பி டிகோடரோடு சரியாகச் சேராமல் இருந்தாலோ அந்தத் துடிப்பு எழாது. மின்சாரம் கணநேரம் அறுந்தாலும் தாங்குவதற்காகப் பெரிய கெப்பாசிட்டர் பொருத்தியிருந்தால், அது நிறையும்வரை இழுக்கும் மின்னோட்டத்தில் துடிப்பு மறைந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள்.