வாக்குத்தத்தம் இருக்கும்போது சின்ன வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்குக் கர்த்தரின் வாக்காக ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை, கிடைத்தது. அதில் இருந்தது எரேமியா 29:11. ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம். மார்ச் மாதம் என் கணவருக்கு வேலை போய்விட்டது. ஏழு மாதம் கழித்து இப்போது தூத்துக்குடியில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை வந்திருக்கிறது. சம்பளம் பழையதில் பாதிதான். "கர்த்தர் பெரிய காரியம் வைத்திருக்கிறார், இதற்குப் போனால் அவிசுவாசம்" என்று மறுக்கிறார். ஜெபக்குழுவில் ஒருவர், "பொருத்தனைக் காணிக்கை (நேர்ந்துகொண்டு கொடுப்பது) வையுங்கள், கதவு திறக்கும்" என்கிறார். அதற்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். என்ன செய்வது?
- ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கீகரிக்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறவர் நல்ல மனதோடு சொன்னாலும் கேட்க வேண்டாம்.

சரி, இப்போது அட்டைக்கு வருவோம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற 29:11 ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அவர்கள் வீடு, நிலம், தொழில் எல்லாம் இழந்து பாபிலோனில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவாலயத்தில் நின்று சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதம் 70 வருஷம் என்கிறது. அட்டையில் அச்சாகாத பத்தாம் வசனம் அதுதான்.

அந்த 70 வருஷமும் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள்: "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிடிக்காத ஊரில், சொந்தமில்லாத மண்ணில் தோட்டம் போடச் சொல்கிறார். வாக்குத்தத்தத்தை நம்பாதவர்களுக்குச் சொன்ன ஆறுதல் பரிசு இல்லை இது. வாக்குத்தத்தத்தைப் பெற்ற அதே ஆட்களுக்கு, அதே கடிதத்தில் கொடுத்த கட்டளை. தூத்துக்குடிக் கிடங்கில் கணக்கு எழுதுவதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். உங்கள் கணவர் அந்த வேலைக்குப் போகட்டும்.

இன்னொன்று. தமிழில் "உங்கள்பேரில்" என்று வாசிக்கும்போது மரியாதையாக நம் ஒருவரையே அழைக்கிற மாதிரி காதில் விழுகிறது. ஆனால் நம் வேதாகமத்தில் கர்த்தர் ஒரு ஆளிடம் பேசினால் "நீ" என்றுதான் சொல்வார். இங்கே "உங்கள்" என்பது ஒரு ஜனக்கூட்டம். அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள்தான் திரும்பினார்கள். அதனால் அந்த வார்த்தை பொய்யாகிவிடவில்லை.

என் அம்மாவின் வேதாகமத்துக்குள் பழைய அட்டைகள் நிறைய இருந்தன. அப்பா நோயில் இறந்த வருஷத்து அட்டையில் இருந்தது "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற வசனம்; பரிகாரி என்றால் குணமாக்குகிறவர். அம்மா அதைக் கிழித்துப் போடவில்லை. அப்பா இறந்த தேதியைப் பென்சிலால் பின்னால் எழுதி உள்ளேயே வைத்திருந்தார். அடுத்த டிசம்பர் 31 இரவும் கோவிலுக்குப் போய் அட்டை எடுத்தார். விசுவாசம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பென்சில் எழுத்துதான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் கணவரோடு வாதாட வேண்டாம். ஏழு மாதம் வீட்டில் இருந்த மனுஷன், பாதிச் சம்பளத்துக்குப் போவதை ஊர் என்ன சொல்லுமோ என்றும் பயப்படலாம். அதை வெளியே சொல்ல முடியாமல் வசனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வசனம் வரும்போது நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

அப்புறம், அட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தாளில் ஐந்தாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் எழுதி ஒட்டுங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன்.