குழந்தைகள் ஐ.சி.யு.வுக்கு மாற்றப்பட்ட சிஸ்டருக்கு

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பெரியவர்கள் ஐ.சி.யு.வில் நான்கு வருடம் வேலை பார்த்த என்னை இப்போது குழந்தைகள் ஐ.சி.யு.வில் போட்டிருக்கிறார்கள். மருந்து ஏற்றும்போதே கை நடுங்குகிறது. "என் பிள்ளை பிழைச்சுக்குமா சிஸ்டர்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழைய வார்டுக்கே மாற்றல் கேட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, இப்போதே கேட்காதீர்கள். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கண் குழந்தைகளுக்குப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

குழந்தைகளுக்கு இதயம் திடீரென்று நிற்பது குறைவு. பெரும்பாலும் மூச்சுத் திணறலோ ஷாக்கோ (உடம்புக்குப் போதுமான ரத்த ஓட்டம் இல்லாத நிலை) முற்றித்தான் நிற்கிறது. அதனால் கவனிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் பி.பி.யை மட்டும் நம்பாதீர்கள். குழந்தையின் உடம்பு அதைக் கடைசிவரை குறைய விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

மழைக்காலத்து டெங்குப் பிள்ளைகளிடம் இதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரம்தான் ஆபத்தானது. மானிட்டர் 100/85 என்று காட்டும், நல்ல பி.பி. மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி 15தான். டெங்குவில் அது 20-க்கு இறங்கினாலே ஷாக் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியை அழுத்தி விடுங்கள். சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். "கால் ஜில்லுனு இருக்கு சிஸ்டர், புள்ள ஒரு மாதிரியா இருக்கான்" என்று அம்மா சொன்னால் உடனே போய்ப் பாருங்கள், கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். மானிட்டருக்கு முன்னால் நான் நம்புவது அந்த வார்த்தையைத்தான்.

மருந்து விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. எல்லாமே எடைக் கணக்கு. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் டோஸ் பத்து மடங்காகிவிடும். நீங்கள் ஒரு தடவை, இன்னொரு சிஸ்டர் ஒரு தடவை, தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். நீங்கள் போட்டதைப் பார்த்து அவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. ரத்தம் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மூன்று கிலோ குழந்தைக்கு உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 240 மில்லிதான்.

அம்மாக்களிடம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் இல்லை. "ராத்திரிக்கு இப்ப மூச்சு பரவாயில்லம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் உங்களைக் கூப்பிடுறேன்" என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையைத் தொடவே பயந்து தள்ளி நிற்பார்கள். கையைக் கழுவச் சொல்லி, எங்கே தொடலாம் என்று காட்டி, பேர் சொல்லிக் கூப்பிட வையுங்கள். பெற்றவளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு பிள்ளை கைவிட்டுப் போகும் நாளும் வரும். அன்று யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

நாளைக்கே இன்சார்ஜ் சிஸ்டரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சீனியரோடு சேர்த்து டியூட்டி போடச் சொல்லுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரோடு போடச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை வென்டிலேட்டர் குழந்தையைத் தனியாக ஏற்காதீர்கள். அதற்கு அப்புறமும் தூக்கம் வராவிட்டால் தாராளமாக மாற்றல் கேளுங்கள்.